லப்டொப்பில் வைஃபை காணாமல் போனால் கரடிப்போக்கில் காட்டுங்கள்

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு, லப்டொப் திருத்துகிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மேசை, ஒரு ஃபான், சுவரோரம் கழற்றிப் போட்ட பழைய லப்டொப்புகள், அவ்வளவுதான். ஆனால் கிளிநொச்சியில் வைஃபை பிரச்சினைக்கு நான் இனி வேறெங்கும் போகமாட்டேன்.

தங்கச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறாள், அவளுடைய லப்டொப்பில் வைஃபை அடையாளமே இல்லாமல் போய்விட்டது. முதலில் காட்டிய கடையில் மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் மதர்போட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்ட காசுக்குப் பாவித்த லப்டொப் ஒன்றே வாங்கலாம்.

கரடிப்போக்கு அண்ணை வேலையைத் தொடங்க முதல் கேள்விதான் கேட்டார். வீட்டில் அதே ரவுட்டரில் போனுக்கு வைஃபை வருகிறதா, லப்டொப்பில் பெயர் தெரிந்தும் இணையம் வரவில்லையா அல்லது ஒரு பெயருமே தெரியவில்லையா, புளூடூத் வேலை செய்கிறதா? புளூடூத்தும் இல்லை என்றதும், அப்படியென்றால் ரவுட்டரையும் பாஸ்வேர்ட்டையும் விடுங்கள் என்றார். பெரும்பாலான லப்டொப்புகளில் இரண்டும் ஒரே கார்ட்டில்தான் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து மறைந்தால் சந்தேகம் அந்தக் கார்ட்டில்தான்.

லப்டொப்பின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மனேஜரைத் திறந்து மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லிப் பார்த்தார், வைஃபை அடாப்டரின், அதாவது அந்தக் கார்ட்டின், பெயரே இல்லை. பெயர் இருந்து மஞ்சள் முக்கோணம் விழுந்திருந்தால் அதை இயக்குகிற மென்பொருளான டிரைவரைப் பார்க்கலாம், பெயரே இல்லாவிட்டால் டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டு மினக்கெடுவதில் பெரிதாகப் பலனில்லை என்று தங்கச்சிக்கு விளங்கப்படுத்தினார். விண்டோஸ் தொடங்க முதல் வருகிற பயோஸ் அமைப்பில் வைஃபை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு லப்டொப்பை முழுதாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தார், சிலவற்றுக்கு அதுவே போதுமாம். எங்களுடையதற்குப் போதவில்லை.

அதற்குப் பிறகுதான் பின்மூடியைக் கழற்றினார். பற்றரி இணைப்பை முதலில் எடுத்துவிட்டு, தபால் முத்திரையளவு கார்ட்டை வெளியே எடுத்தால் அதன் முனையெல்லாம் கறளும் புழுதியும். துடைத்துப் பூட்டியும் வரவில்லை. சரி என்று பழைய லப்டொப் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த கார்ட்டைப் போட்டார், உடனே பக்கத்துக் கடைகளின் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. மதர்போட்டில் ஒரு குறையும் இல்லை! திறக்காமலே அதற்குச் சாவோலை எழுதியவர்களை நினைக்க எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது, எத்தனை பிள்ளைகளின் பெற்றோர் இப்படிக் காசைக் கொட்டியிருப்பார்கள்.

கார்ட்டுக்குச் சிக்னல் கொண்டுவருகிற அன்டெனா வயர் இரண்டையும் பூட்டுவதில் அவர் காட்டிய நிதானத்தையும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் முனை நசுங்கிவிடும், சரியாகப் பிடிக்காவிட்டால் ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வைஃபை வரும், அடுத்த அறைக்குப் போனால் சிக்னல் விழுந்துவிடும்.

நாங்கள் நிற்கும்போதே ஒரு ரீச்சர் வந்தார், அவருடைய லப்டொப்பில் வைஃபை இடைக்கிடை அறுந்து போகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அடாப்டரை நிறுத்தலாம் என்று விண்டோஸுக்குக் கொடுத்திருந்த அனுமதியில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, வீட்டில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ரீச்சர் என்று காசு வாங்காமல் அனுப்பினார்.

மெல்லிய லப்டொப்புகள் சிலவற்றில் வைஃபை சிப்பை போர்டோடு ஒட்டியே வைத்திருப்பார்கள், கழற்ற முடியாது. அதற்கு யூஎஸ்பி அடாப்டர் விற்கிறார். விலை குறைந்த அடாப்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும், 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூட என்றாலும் சுவர் தாண்டினால் களைத்துவிடும் என்று அவரே சொல்கிறார். யன்னலோரம் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிற எங்கள் வீடுகளுக்கு 2.4 போதும் என்பது என் எண்ணம். ஆனால் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் அடாப்டரைச் செருகாதீர்கள், யூஎஸ்பி 3 இன் மின் இரைச்சல் 2.4 சிக்னலைக் குழப்பும்.

குறைகளும் உண்டு. பில் தருவதில்லை, உத்தரவாதம் வாய்ப்பேச்சுத்தான், போட்டுத்தருகிற கார்ட் பாவித்தது, போன் எடுத்தால் பதில் வராது. மத்தியானம் சாப்பிடப் போய்விடுவார், அதனால் காலையிலேயே போங்கள். சார்ஜரையும் லப்டொப் பாஸ்வேர்ட்டையும் மறக்காமல் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.