22 டாலருக்கு ஒரு பழைய நெப்ராஸ்கா

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ இசைத்தட்டை நான் இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கினேன். முதல் தடவை இணையத்தில். வந்து சேர்ந்த தட்டு அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஊசி ஏறி இறங்கியதில் கிடாரின் சுருதியே அலைந்தது. திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. சரி, இனிமேல் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவது என்று நியூ ஜெர்சியில் நான் இருக்கும் எடிசனிலிருந்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு ஒரு பழைய ரெக்கார்டுக் கடைக்குப் போனேன். 1982இல் கொலம்பியா நிறுவனம் போட்ட பிரதி, 22 டாலர். அந்தக் கடைக்காரர் தட்டை உறையிலிருந்து எடுத்து, விளக்கை நோக்கிச் சாய்த்து, எங்கெங்கே கீறல் என்று அவராகவே காட்டினார். இரண்டாம் பக்கத்தில் முடி அளவுக்கு ஒன்று இருந்தது. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடுகிறது.

அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரிய அட்டையில் பார்த்தால்தான் அது புரியும். கறுப்புப் பின்னணி, மேலும் கீழும் சிவப்பு எழுத்து, நடுவில் டேவிட் மைக்கேல் கென்னடி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் வண்டிக்குள்ளிருந்து முன்கண்ணாடி வழியாகத் தெரியும் சாலை. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பனி ஒட்டியிருக்கிறது. ஆள் யாரும் இல்லை. செல்போன் திரையில் நகம் அளவுக்குப் பார்க்கும்போது ஏதோ மேகம் என்றே நினைத்திருந்தேன். மடியில் வைத்துப் பார்த்தபோது அந்த வண்டியில் நானே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

முதல் தடவை வீட்டில் போட்டபோது, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு சமையலறையிலிருந்து என் மனைவி, “ஏங்க, ரெக்கார்டு பழுதா?” என்று கேட்டாள். பழுதில்லை. அது காசெட் இரைச்சல். இந்த ஆல்பம் ஸ்டுடியோவில் பதிவானதே இல்லை. நியூ ஜெர்சி கோல்ட்ஸ் நெக்கில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், படுக்கையறையில் உட்கார்ந்து, டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற, நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதியும் காசெட் கருவியில் ஸ்பிரிங்ஸ்டீன் தனியாகப் பதிவு செய்தது. ஷூர் எஸ்.எம்.57 மைக் இரண்டு. பெரும்பகுதியை 1982 ஜனவரி 3 அன்று ஒரே நாளில் முடித்துவிட்டார். பிறகு அதை எக்கோபிளெக்ஸ் எதிரொலிக் கருவி வழியாக ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டரில் இன்னொரு காசெட்டுக்கு மாற்றினார். அவர் நினைத்தது, இசைக்குழுவுக்குப் போட்டுக் காட்ட ஒரு மாதிரி, அவ்வளவுதான். அந்தக் காசெட்டுக்கு டப்பாகூடக் கிடையாது. பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்திருக்கிறார். அப்புறம் ஏப்ரலில் நியூயார்க்கில் குழுவோடு அதே பாடல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். மனசுக்குப் பிடிக்கவில்லை. பாக்கெட்டில் இருந்ததையே ஆல்பமாகப் போட்டுவிட்டார்கள்.

கல்லூரி விடுமுறைகளில் நான் திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் பட்டியலைப் பார்த்து டி.டி.கே. 60, 90 காசெட்டுகளில் பாட்டுப் பதிந்து கொடுப்பது, மாலையில் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது, இதுதான் வேலை. ஒரு காசெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஒரு படி ஏறும், மேல்ஸ்தாயியின் கூர்மை ஒரு படி மழுங்கும். முதலாளி இதைக் காதாலேயே கண்டுபிடிப்பார். “இது ரெண்டாம் கை” என்பார். நெப்ராஸ்காவைக் கேட்டவுடன் எனக்கு அந்த வார்த்தைதான் வந்தது. உலகம் முழுக்க விற்ற ஓர் ஆல்பத்தின் மூலமே ரெண்டாம் கை. அந்த மழுங்கலுக்குள்ளிருந்து குரல் வரும்போது, பக்கத்து அறையில் யாரோ தூங்காமல் தனக்குத்தானே பாடிக்கொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்பது போல இருக்கிறது. அதனால்தான் இதை வாங்கச் சொல்கிறேன்.

வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தட்டில் ஒலி அளவு குறைவு. காசெட்டில் இருந்ததைத் தட்டில் வெட்டுவதற்கு அந்தக் காலத்தில் படாத பாடு பட்டிருக்கிறார்கள்; வழக்கமான அளவில் வெட்டினால் சரியாக வரவில்லை, கடைசியில் அளவைக் குறைத்து வெட்டித்தான் ஒப்பேற்றினார்கள். ஆகவே வால்யூமை வழக்கத்தைவிட நன்றாகக் கூட்டி வைக்க வேண்டும். கூட்டினால் தட்டின் தூசியும் சேர்ந்து பேசும். பழைய பிரதி என்றால் நன்றாகக் கழுவிவிட்டுப் போடுங்கள். புதிய ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்க இதை வாங்காதீர்கள். அதற்கு இதே மனிதரின் ‘பார்ன் டு ரன்’ இருக்கிறது.

முதல் பக்கத்தில் ஆறு பாடல், இரண்டாம் பக்கத்தில் நாலு. இந்தப் பிரிப்பு இசைத்தட்டில்தான் வேலை செய்கிறது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஸ்டேட் ட்ரூப்பர்’. மழை ஈரத்தில் நியூ ஜெர்சி டர்ன்பைக் என்ற நெடுஞ்சாலையில் இரவில் கார் ஓட்டுகிற ஒருவன், போலீஸ் தன்னை நிறுத்திவிடக் கூடாதே என்று மனசுக்குள் மன்றாடுகிறான். கிடார் ஒரே இடத்தில் டுக்கு டுக்கு டுக்கு என்று நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். குரல் தாழ்ந்தே இருக்கும். திடீரென்று ஓர் அலறல். முடிவை நோக்கிப் போகும்போது இன்னொன்று. அப்புறம் பாட்டு தேய்ந்து மறைகிறது, ஊசி கடைசித் தடத்துக்கு வந்துவிடுகிறது. அறை அமைதியாகிவிடும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டால்தான் அடுத்த பாட்டு. செயலியில் கேட்டால் மூன்று விநாடியில் அடுத்தது வந்துவிடும். அந்த அமைதி கிடைக்காது. சில நாள் நான் இரண்டாம் பக்கத்துக்குப் போவதே இல்லை.

அந்தப் பாட்டில் சுத்திகரிப்பு ஆலையின் வெளிச்சம் வருகிறது. நெவார்க் விமான நிலையத்தில் யாரையாவது ஏற்றிவிட்டு இரவில் எடிசனுக்குத் திரும்புகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்: லிண்டன் பக்கம் டர்ன்பைக் ஓரத்தில் குழாயும் கோபுரமுமாக ஆயிரம் விளக்கு எரியும், கண்ணாடியை மூடியிருந்தாலும் எண்ணெய் நாற்றம் வரும். பதினைந்து வருடமாக அந்த வழியில் போய்வருகிறேன். போன பிப்ரவரியில் அம்மாவை ஊருக்கு ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தபோது மழை. பக்கத்து சீட்டில் அம்மா மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர் கிடந்தது. பாட்டு எதுவும் போடவில்லை. வைப்பர் சத்தம் அந்தக் கிடார் மாதிரியே அடித்துக்கொண்டிருந்தது. ஆல்பத்தின் பெயர்தான் நெப்ராஸ்கா. அதில் பாதி எங்கள் நியூ ஜெர்சி.

நெப்ராஸ்கா என்ற பெயர் முதல் பாட்டிலிருந்து வருகிறது. சார்ல்ஸ் ஸ்டார்க்வெதர் என்ற பத்தொன்பது வயதுப் பையன் 1957 டிசம்பரிலிருந்து 1958 ஜனவரிக்குள் 11 பேரைக் கொன்றான். அவன் வாயாலேயே கதை சொல்கிறது பாட்டு. கோபம் இல்லை, அழுகை இல்லை, ஹார்மோனிகா மட்டும். அடுத்து ‘அட்லாண்டிக் சிட்டி’. 1981 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிலிப் டெஸ்டா என்ற மாஃபியா தலைவரை அவர் வீட்டு வாசலில் குண்டு வைத்துக் கொன்ற செய்தியோடு அது தொடங்குகிறது. சூதாட்ட விடுதிகள் வந்து புதுப் பணம் புழங்கிய ஊருக்கு, கடன் தலைக்கு மேல் ஏறிய ஒருவன் காதலியைக் கூட்டிக்கொண்டு போகிறான்; யாரோ ஒருவனுக்கு ஒரு காரியம் செய்து கொடுக்க ஒப்புக்கொள்கிறான்.

‘ஜானி 99’ பாட்டில் நியூ ஜெர்சியின் மாவா ஊரிலிருந்த கார் தொழிற்சாலை மூடப்படுகிறது. வேலை போனவன் குடித்துவிட்டு ஒரு இரவுநேர ஊழியரைச் சுட்டுவிட, நீதிபதி 99 வருடம் தண்டனை கொடுக்கிறார். மாவாவில் ஃபோர்டு தொழிற்சாலை உண்மையிலேயே இருந்தது. 1955இல் திறந்தார்கள், 1980இல் மூடினார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியவரின் அப்பா அங்கே கதவு பொருத்தும் பிரிவில் இருந்தவர். “பாட்டு வந்தபோது வீட்டில் யாரும் அதைப் போட மாட்டோம், அப்பா ஹாலில் உட்கார்ந்திருப்பார்” என்றார் அவர்.

1984 செப்டம்பர் 19 அன்று இதே நியூ ஜெர்சியில், ஹாமண்டனில் தேர்தல் கூட்டத்தில் பேசிய ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களில் நம்பிக்கை இருப்பதாகப் புகழ்ந்தார். இரண்டு நாள் கழித்து பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், ஜனாதிபதிக்குப் பிடித்த ஆல்பம் எதுவோ, நெப்ராஸ்காவாக இருக்காது என்கிற பொருளில் பேசிவிட்டு ‘ஜானி 99’ஐப் பாடினார். அந்தப் பெரியவர் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் குரல் தழுதழுத்தது.

எனக்கு மிக நெருக்கமானது ‘ஹைவே பேட்ரோல்மேன்’. அண்ணன் போலீஸ்காரன், தம்பி அடங்காதவன். ஒருவனை அடித்துப் போட்டுவிட்டு ஓடுகிற தம்பியின் காரை அண்ணன் துரத்துகிறான், கனடா எல்லைக்குச் சில மைல் இருக்கும்போது ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, பின்விளக்கு மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று நாம் சொல்வோம். இங்கே படை அண்ணன் கையில் இருக்கிறது, அஞ்சுவது தம்பிக்காக. ஜானி கேஷ் இந்தப் பாட்டையும் ‘ஜானி 99’ஐயும் மறு வருடமே பாடினார். நடிகர் ஷான் பென் இதை வைத்து 1991இல் ஒரு படமே எடுத்தார்.

இரண்டாம் பக்கத்தில் ‘யூஸ்டு கார்ஸ்’. அப்பா பழைய கார் வாங்குவதை ஒரு சிறுவன் பார்க்கிறான். அம்மா கல்யாண மோதிரத்தைத் தடவிக்கொண்டே இருப்பதையும், விற்கிறவர் அப்பாவின் கையைப் பார்ப்பதையும் கவனிக்கிறான். 1986இல் என் அப்பா பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். தெருவே வந்து பார்த்தது. எல்லோரும் நல்ல வண்டி என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கிக்கரை உதைத்தார், ஏழாவது உதையில்தான் எடுத்தது. அப்பாவின் சட்டை முதுகில் நனைந்திருந்ததை நான் பார்த்தேன். இந்தப் பாட்டைக் கேட்கும் வரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் ஒரு நண்பர் வீட்டுப் பேஸ்மென்ட்டில் கூடுகிறோம். மூன்று பேர் தமிழர்கள், இரண்டு பேர் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். 2025 அக்டோபரில் வந்த விரிவான பதிப்பை ஒருவர் வாங்கி வந்தார். குழுவோடு பதிவு செய்து கைவிட்ட அந்த ஏப்ரல் பாடல்கள் அதில் இருக்கின்றன. ரசிகர்கள் பல வருடமாக ‘எலக்ட்ரிக் நெப்ராஸ்கா’ என்று பேசிக்கொண்டிருந்தது அதுதான். அன்றைக்கு இரவு பன்னிரண்டு மணி வரை விவாதம். டிரம்ஸ் வந்தவுடன் ‘அட்லாண்டிக் சிட்டி’க்கு உயிர் வந்துவிட்டது என்றார் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிரம்ஸ் வந்தவுடன் கடனில் மூழ்கிய அந்த ஆளுக்குத் துணை கிடைத்துவிடுகிறது. துணை இருக்கிறவன் அந்தக் காரியத்துக்குப் போக மாட்டான்.

மேடை வேறு விஷயம், அதையும் சொல்ல வேண்டும். 2023 கோடையில் மெட்லைஃப் மைதானத்தில் அவரைப் பார்த்தேன். 73 வயது. மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட இடைவேளையே இல்லை. 2012இல் ஹெல்சிங்கியில் நாலு மணி நேரம் ஆறு நிமிடம் பாடிய ஆள் இவர். கூட்டம் ‘ப்ரூ…ஸ்’ என்று இழுத்துக் கத்துவதை முதலில் கேட்டபோது, யாரையோ விரட்டுகிறார்கள் என்று பயந்தே போனேன். இப்படிப்பட்ட மேடைக்காரர், இந்த ஆல்பம் வந்த வருடம் ஊர் ஊராகப் போய்ப் பாடவே இல்லை. இப்போது ‘ஜானி 99’ மேடைக்கு வந்தால் டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து ஆட வைக்கும். அது தப்பில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால், படுக்கையறையில் பதிந்ததைத்தான் கேட்க வேண்டும்.

பெட்டியாக வரும் அந்த விரிவான பதிப்பு ஏற்கெனவே இதில் ஊறியவர்களுக்கு. முதல் தடவை கேட்கிறவர்கள் ஒற்றைத் தட்டாக வாங்குங்கள், பழையதோ புதியதோ. பழையது என்றால் பாடல் வரிகள் அச்சிட்ட உள்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். என் பிரதியின் கீறல் ‘ஓபன் ஆல் நைட்’ நடுவில் ஐந்தாறு தடவை டிக் டிக் என்கிறது, பழகிவிட்டது. கடையில் போட்டுப் பார்க்க விட்டால், முதல் பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். தட்டின் நடுப்பகுதிக்கு நெருங்க நெருங்கத்தான் ஊசி தேய்த்த சேதம் காதில் விழும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். அந்த அலறல் உடையாமல் வந்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.