சூக் லகூன் டைவ் பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

பசிபிக் தீவு நாடான மைக்ரோனேசியாவில் உள்ள சூக் லகூனுக்கு (பவளத்திட்டு சூழ்ந்த கடற்காயல்) டைவ் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இரண்டே இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடலடியில் மூழ்கிக் கிடக்கும் எந்தக் கப்பலில் இறக்கப் போகிறார்கள், கப்பலின் பெயரோடு. ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் கடைசி டைவ் எப்போது முடியும், நாள், மணியோடு. இந்த இரண்டிலும்தான் என்னையும் என் நண்பரையும் ஏமாற்றினார்கள்.

பலருக்கு இந்த இடம் ட்ரக் என்ற பழைய பெயரில் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கடற்படையின் பெரிய தளம். 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்கா நடத்திய தாக்குதலில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இங்கே மூழ்கின. ஆனால் ஆபத்து நெருங்குவது தெரிந்து ஜப்பான் தன் பெரிய போர்க்கப்பல்களை அதற்குச் சில நாட்கள் முன்பே வெளியே அனுப்பிவிட்டது. அதனால் அடியில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும்தான். போர்க்கப்பலாகவே கட்டப்பட்டவை கொஞ்சம். அவற்றில் எங்களைப் போன்றவர்கள் ஓரளவு நிதானமாகப் பார்க்கக்கூடிய ஆழத்தில் இருப்பது ஃபுமிசுகி. 1926ல் கட்டி முடிக்கப்பட்ட டிஸ்ட்ராயர், அதாவது வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல். நியூ கினி பக்கம் ஜப்பானியர் தளமாக வைத்திருந்த ரபாவுல் அருகே அடிபட்டு, பழுது பார்க்க வந்து நின்றிருந்த நேரத்தில் தாக்குதலில் மாட்டிக்கொண்டு 18ஆம் தேதி மூழ்கியது. சுமார் 38 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

எங்களுக்கு பேக்கேஜ் விற்றவர்கள் அனுப்பிய விளம்பரத்தில் ஃபுமிசுகியின் படம் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோதும் "ஃபுமிசுகிதான், சந்தேகமே வேண்டாம்" என்றார்கள். அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கினார்கள். ஆனால் வந்த ரசீதில் "போர்க்கப்பல் டைவ்" என்று மட்டும்தான் இருந்தது. அங்கே போனபிறகு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரியைத்தான் நீட்டினார்கள்.

ஃபுமிசுகி லகூனின் மேற்குப் பக்கம் இருக்கிறது. தங்குமிடங்கள் உள்ள வேனோ தீவிலிருந்து படகில் நல்ல தூரம். எங்கள் படகோ கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஏட்டன் தீவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கேட்டதற்கு, "முதலில் இறங்குங்கள், பேசிக்கொள்ளலாம்" என்றார் எங்களைக் கூட்டிப்போன டைவ் மாஸ்டர். இறங்கினோம். முன்பக்கத்தில் ஒரு பெரிய பீரங்கி, குழாய் முழுக்கப் பவளம் படர்ந்து, சின்னச் சின்ன மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. டைவ் மாஸ்டர் அதைக் காட்டி இரண்டு கைகளாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து 'ஓகே' காட்டினார். அப்புறம் பின்னால் நீந்திப் போனால் வீடு கொள்ளும் அளவுக்குச் சரக்கு அறை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஜப்பானின் ஜீரோ போர் விமானங்களின் உடல்கள், இறக்கையில்லாமல், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. விமானி உட்காரும் குழியில் வண்டல் நிறைந்திருந்தது.

அது ஃபுஜிகாவா மாரு. 1938ல் கட்டப்பட்ட சரக்குக் கப்பல், போரின்போது விமானங்களை ஏற்றிவரப் பயன்பட்டது. சூக்குக்குப் போகிற யாருமே பார்க்காமல் வரக்கூடாத அருமையான கப்பல், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது டிஸ்ட்ராயர் இல்லை. டிஸ்ட்ராயர் ஒடுக்கமாக இருக்கும். ஃபுமிசுகியின் அகலம் 9 மீட்டர் சொச்சம்தான், ஃபுஜிகாவா மாரு ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. டிஸ்ட்ராயரில் டார்பிடோ குழாய்கள் இருக்கும், விமானத்தைத் தூக்கி வைக்கிற மாதிரி சரக்கு அறை இருக்காது. போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களிலும் தற்காப்புக்குப் பீரங்கி பொருத்தினார்கள். சூக்கில் பீரங்கியைக் காட்டி யாராவது போர்க்கப்பல் என்றால் நம்பிவிடாதீர்கள்.

படகில் ஏறியதும் கேட்டேன். "பீரங்கி இருக்கிறதே, அப்போது போர்க்கப்பல்தானே?" என்றார் டைவ் மாஸ்டர். இதில் எனக்கு ரொம்பக் கோபம் வந்த விஷயம் வேறு. ஃபுஜிகாவா மாரு எங்கள் சாதாரண பேக்கேஜ் பட்டியலிலேயே மறுநாளைக்கு இருந்தது. ஒரே கப்பலுக்கு இரண்டு முறை பணம் வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் காலை டைவ் பட்டியல் எழுதும் பலகையில் அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறொன்றை எழுதி வைத்திருந்தார்கள். மேற்கே போக எரிபொருள் நிறையச் செலவாகும், ரெண்டு பேருக்காகப் போக மாட்டார்கள் என்று படகோட்டிதான் கடைசியில் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் கூடுதலாகக் கொடுத்திருப்போம், இல்லை வேறு இடம் பார்த்திருப்போம்.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் அளவைக் கூட்டிய காற்று, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சிஜன் அளக்கும் கருவியை எந்த சிலிண்டரில் வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டியது, சென்சார் செத்துப் போயிருந்தது. "எல்லாம் 32தான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். 32 சதவீதம் என்பதே உண்மையாக இருந்தாலும் அதற்குப் பாதுகாப்பான ஆழம் சுமார் 34 மீட்டர்தான். ஃபுமிசுகியின் அடித்தளத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு இறங்கக்கூடாது. அளக்காத சிலிண்டரைத் தொடாதீர்கள், யார் சொன்னாலும் சரி. நாங்கள் சாதாரணக் காற்று சிலிண்டரையே கேட்டு வாங்கினோம்.

இனி ஊர் திரும்பிய கதை. சூக்கிலிருந்து விமானங்கள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்தது மறுநாள் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பேக்கேஜில் கடைசி நாள் ஓய்வு என்று இருந்தது. அதைத் தூக்கிவிட்டு, "இழப்பீடாக ஸ்பெஷல் டைவ்" என்று சான் ஃபிரான்சிஸ்கோ மாருவைப் போட்டார்கள். மேல்தளத்தில் டாங்கிகள் நிற்கும் கப்பல் அது. அந்த மேல்தளமே ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம். மேலே வரும்போது நின்று நின்று, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டுதான் வர வேண்டும். எங்கள் விமானம் அன்று இரவு.

டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்வது இதுதான்: நிறுத்தம் தேவைப்படாத ஒற்றை டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். தொடர்ந்து பல டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம். நிறுத்தங்களோடு வந்த டைவ் என்றால் 18ஐ விடக் கணிசமாக அதிகம். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது அது குமிழியாகி, மூட்டுவலியில் தொடங்கி கை கால் செயலிழப்பு வரைக்கும் கொண்டுபோய் விடலாம். நான் இறங்க மறுத்தேன். "ரெண்டு மணிக்கெல்லாம் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள், இங்கே எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், நேரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி நண்பரை இறக்கிவிட்டார்கள்.

விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது நண்பர் தன் டைவ் கம்ப்யூட்டரை, அதாவது ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவியை, திருப்பிக் காட்டினார். சின்ன விமானப் படத்தின் மேல் குறுக்குக் கோடு, பக்கத்தில் இன்னும் பாக்கியிருக்கும் மணி நேரம். முகம் வெளிறிவிட்டது. ஏற வேண்டாம் என்று அவரைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றுவிட்டேன். பேக்கேஜ்காரர்களுக்குப் போன் செய்தால், "விமானத்தை விட்டது உங்கள் முடிவு, எங்கள் பொறுப்பு இல்லை" என்றார்கள். அறைக்குப் புதிதாகப் பணம், அதுவும் பேக்கேஜில் போட்டிருந்த அறை வாடகையை விட அதிகம். டிக்கெட் மாற்றத்துக்குத் தனி. குவாமிலிருந்து மேலே போகும் டிக்கெட் வேறு புக்கிங் என்பதால் அந்தப் பணம் அப்படியே போனது. நண்பருக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பெரிய நிம்மதி.

குவாம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். விமானம் மாறத்தானே, விசா தேவையில்லை என்று இதே ஆட்கள் சொன்னார்கள். முழுப் பொய். குவாம் அமெரிக்கப் பகுதி. அங்கே விமானம் மாறினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். எங்கள் இருவரிடமும் ஏற்கெனவே விசா இருந்தது. இல்லாமல் போயிருந்தால் மணிலாவிலேயே விமானத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

போகிறவர்கள் ரசீதில் ஃபுமிசுகி என்று பெயர் போடச் சொல்லுங்கள், வானிலையாலோ வேறு காரணத்தாலோ போக முடியாவிட்டால் அந்தக் கட்டணம் திரும்ப வரும் என்றும் எழுதச் சொல்லுங்கள். கடைசி நாள் முழுக்கத் தண்ணீரில் இறங்காமல் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஊர்வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் கட்டினோம், அதனால்தான் போர்க்கப்பல் கட்டணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் கொடுக்க முடிந்தது. டைவ் கம்ப்யூட்டரில் பதிவான ஆழம், நேரம், விமானங்கள் கிடந்த சரக்கு அறையின் படங்கள், விளம்பரம், ரசீது எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். வங்கி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.