காஹோரா, மெண்டோசாவா? குன்னூர்க் குளிருக்கு ஒரு மால்பெக்

திடமான சிவப்பு ஒயின் எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மால்பெக். எந்த ஊர் மால்பெக் என்பதில்தான் வாதமே.

இந்தத் திராட்சையின் பிறந்த வீடு தென்மேற்குப் பிரான்சின் காஹோர். அந்த ஊர்ப் பெயரில் விற்கும் ஒயினில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருந்தாக வேண்டும். புகுந்த வீடு அர்ஜென்டினாவின் மெண்டோசா. 1853-இல் மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் அந்நாட்டுக்குக் கொண்டுபோனார். 1956 பிப்ரவரி உறைபனியில் காஹோர்க் கொடிகள் பெருமளவு கருகிப்போய், மறுபடி நட்டு வளர்த்தார்கள். இன்று உலகின் மால்பெக்கில் பெரும்பங்கு அர்ஜென்டினாவுடையது.

இரண்டையும் கோப்பைகளில் ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேலே கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். இளம் மெண்டோசாவின் விளிம்பில் நாவல்பழச் சாற்றின் ஊதா மின்னும். வாயில் வைத்தால் பழுத்த கறுப்புப் பிளம், வழவழப்பு. காஹோர் அப்படி இணங்கிவராது. துவர்ப்பு ஈறைக் கவ்வும், புளிப்பும் மண்வாசமும் தூக்கலாக இருக்கும். சில ஆண்டுகள் பொறுத்தால்தான் பணியும்.

மெண்டோசாவின் யூக்கோ பள்ளத்தாக்கில் 1,000 மீட்டருக்கு மேலும் தோட்டங்கள் உண்டு. பகலில் சுள்ளென்ற வெயில் பழத்தைக் கனியவைக்கிறது, இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது. உயரம்தான் காரணமென்றால் நீலகிரியிலும் நடலாமே என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். மழையை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. மெண்டோசாவில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. ஆண்டீஸ் பனி உருகிய நீரை வாய்க்காலில் பாய்ச்சுகிறார்கள். குன்னூரிலோ இரண்டு பருவமழையும் மூடுபனியும் உண்டு. அந்த ஈரத்தில் குலைகளைப் பூஞ்சை விடாது. நம் பன்னீர் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கில் விளைவதும் மலைக்குக் கீழேதான்.

நம் சாப்பாட்டுக்கு எது? மிளகாய்க் காரத்தோடு கடுந்துவர்ப்பு சேர்ந்தால் நாக்கு எரியும். ஆகவே காரமான ஆட்டுக்கறிக் குழம்புக்கு மெண்டோசாவே என் தேர்வு. உப்பும் பூண்டும் மட்டும் போட்டு, கொழுப்போடு சுட்ட ஆட்டுத் தொடை என்றால் காஹோருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாக்களிப்பேன். கொழுப்பும் புரதமும் அந்தத் துவர்ப்பை அடக்கிவிடும்.

இளம் காஹோரை அகன்ற ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். டிசம்பரில் குன்னூர் வீட்டறையே 16, 17 டிகிரியில் இருக்கும். இரண்டையும் அப்படியே ஊற்றலாம். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால் அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் திறங்கள்.