வாடகை கொடுத்தும் வவுனியா மலிவு: வன்னியில் ஓய்வுக்காலம், ஒரு கணக்குக் கொப்பி

என் கணக்குக் கொப்பியில் மூன்று நிரல்கள் இருக்கின்றன: வவுனியா, திருச்சி, கிளிநொச்சி. 2023 இல் லண்டன் வீட்டை விற்றுவிட்டு வந்தபோது எங்கே குடியிருக்கப்போகிறோம் என்பது எனக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. முதல் எட்டு மாதம் வவுனியாவில் வாடகை வீடு. பிறகு நான்கு மாதம் திருச்சி. அதன் பின் கிளிநொச்சியில் அப்பாவின் உறுதிக் காணியில் (பத்திரமுள்ள சொந்த நிலத்தில்) கட்டிய வீடு. மூன்று இடத்திலும் கத்தரிக்காய் வாங்கியது வரை எழுதி வைத்திருக்கிறேன். முப்பது வருடம் கடை நடத்தியவனுக்கு அது ஒரு வியாதி.

நான்காவதாக ஒரு நிரலைப் பிறகு சேர்த்தேன். அது ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனருடையது. கார்த்திகையில் முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக்கு வந்து, சித்திரை வெயில் தொடங்கும்போது திரும்பிவிடுவார். அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

எவ்வளவு காசு இருந்தால் வரலாம் என்று கேட்பவர்களுக்கு இணையத்தில் ஆயத்தமான ஒரு விடை கிடைக்கும்: வருடச் செலவைப் போல் 25 மடங்கு. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994 இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த கணக்கு அது. முதல் வருடம் சேமிப்பில் 4 வீதம் எடு, பிறகு விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டு போ, முப்பது வருடம் தாங்கும் என்பது அதன் சாரம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது அமெரிக்கப் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வைத்து, டொலரில் சேமித்து டொலரில் செலவழிப்பவருக்காகப் போட்ட கணக்கு. கிளிநொச்சிக் கரடிப்போக்குச் சந்தியில் மீன் வாங்குகிறவனுக்காகப் போட்டதல்ல. 2022 இல் இங்கே என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா. மே மாதம் 360 ஐத் தாண்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. பவுண்டை எல்லாம் ரூபாவாக்கி நிலையான வைப்பில் போட்டுவிட்டு வட்டியில் வாழ்ந்தவர்கள், அந்த ஒரே வருடத்தில் அரிசிக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றார்கள். வட்டி வந்துகொண்டுதான் இருந்தது.

இனி நிரல்களுக்கு வருகிறேன். எல்லாம் 2025 விலை. ஒரு பவுண்டுக்கு 400 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் எங்கள் இருவருக்கும் மாதம்: சாப்பாடும் சந்தையும் 70,000. மின்சாரம், காஸ், இணையம், குடிதண்ணீர் 25,000. (கிணற்றுத் தண்ணீரில் கல்சியம், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். குடிப்பதற்குச் சுத்திகரித்த தண்ணீரைக் கலனில் வாங்குகிறோம்.) வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 35,000. ஓட்டோவும் வாடகை வானும் 25,000. தனியார் மருந்தகமும் பரிசோதனைகளும் 20,000. இதுவரை 175,000. அதற்குக் கீழே ‘இதர’ என்று ஒரு வரி. அதில் மாதம் 75,000. ஆக மொத்தம் இரண்டரை இலட்சம்.

வவுனியாவில் வாடகை 45,000 கொடுத்தோம். ஓட்டோவுக்கு 15,000 போதும், ஏனென்றால் ஆஸ்பத்திரியும் சந்தையும் புகையிரத நிலையமும் பக்கத்தில். மற்றவை கிட்டத்தட்ட அதே விலை. ‘இதர’ 30,000. மொத்தம் 240,000. சொந்த வீட்டில் இருப்பதைவிட வாடகை வீட்டில் 10,000 ரூபா குறைவு! மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

வாடகை 45,000 ஐ அப்படியே ஈடுகட்டியது அந்த ‘இதர’தான். மிச்சம் 10,000 ஓட்டோவில். வவுனியாவில் எங்களை யாருக்கும் தெரியாது. கிளிநொச்சியில் படலையைத் திறந்தாலே உறவு. அந்தியேட்டிக்கு ஒரு உறை, பூப்புனித நீராட்டுக்கு ஒரு உறை, கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம், ஒன்றுவிட்ட தங்கையின் மகனுக்கு உயர்தர வகுப்பு டியூஷன் காசு, வாசிகசாலைக்குக் கூரைத் தகடு. கேட்பவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். இந்த மண்ணில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு இருந்தவர்கள். நான் இல்லாத வருடங்களில் என் பெற்றோரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். எனவே நான் கொடுக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே. ஆனால் லண்டனில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் இந்த வரியை எழுதுவதே இல்லை. சாப்பாட்டுச் செலவைவிட இது பெரியது. மேசன், தச்சன், வான்காரர் ஆகியோர் சொல்லும் வெளிநாட்டுக்காரர் விலையும் இதற்குள்ளேதான் அடங்கும்.

அடுத்தது வைத்தியம். கையில் கோடி இல்லாவிட்டால் வன்னிக்குப் போகாதே என்று பயமுறுத்துகிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2024 கார்த்திகைக் கடைசியில் விடாத மழை. இரவு பதினொரு மணிக்கு மனைவிக்கு நெஞ்சு இறுக்கம், வியர்வை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் பிரதான வீதிவரைக்கும்தான் வர முடிந்தது. எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெடியன்கள் இரண்டு பேர் மனைவியைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் டோர்ச்சைப் பிடித்தபடி முன்னால். நடுவில் அவள், “அடுப்பை நூர்த்தீர்களா?” என்று என்னைக் கேட்டாள். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் முதல் சிகிச்சை. மறுநாள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். சுமார் 65 கிலோமீற்றர். பதினொரு நாள்.

கொப்பியைப் பார்க்கிறேன். அம்புலன்ஸ் இலவசம். இரண்டு ஆஸ்பத்திரியிலும் கட்டணம் இல்லை. நான் தங்கிய அறை 66,000. வான் 36,000. கடைச் சாப்பாடு 30,000. மொத்தம் 132,000, அதாவது 330 பவுண்ட். அதற்குக் கீழே இன்னொரு வரி: செய்தி கேட்டதும் மகள் லண்டனிலிருந்து அவசரமாக எடுத்த விமான டிக்கெட், 1,140 பவுண்ட்.

அன்றிலிருந்து என் கணக்கின் வடிவமே மாறிவிட்டது. வன்னியில் ஓய்வுக்காலத்தின் பெரிய செலவு அரிசியும் அல்ல, வைத்தியரும் அல்லர். பிள்ளைகளுக்கும் நமக்கும் இடையிலுள்ள 8,000 சொச்சம் கிலோமீற்றர்தான். அவர்கள் இங்கே ஓடிவருவதற்கு, நாங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு, ஒருநாள் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது நிரந்தரமாகத் திரும்பிப்போவதற்கு என்று பணம் தனியாகக் கிடக்க வேண்டும். பவுண்டாகக் கிடக்க வேண்டும்.

ஓய்வூதியத்தில் லண்டன்காரனுக்கும் கனடாக்காரனுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரியாது. பிரித்தானிய அரச ஓய்வூதியம் முழுதாகக் கிடைப்பவருக்கு 2025-26 இல் வாரம் 230.25 பவுண்ட், வருடத்துக்கு 11,973. அதற்கு 35 வருடப் பங்களிப்பு வேண்டும். எனக்கு இரண்டு வருடம் குறைகிறது, கட்டி நிரப்புகிறேன். இலங்கையில் இருந்தாலும் அனுப்புவார்கள். ஆனால் இங்கே குடியிருக்கும் வரை அந்தத் தொகை கூடாது. எடுக்கத் தொடங்கிய அன்று என்னவோ அதுவே கடைசி வரைக்கும். 2010 இல் வாரம் 97.65 பவுண்ட் அடிப்படை ஓய்வூதியத்தோடு இங்கே வந்து குடியேறியவருக்கு இன்றும் 97.65 தான். லண்டனில் அவருடைய கூட்டாளி 2025-26 இல் 176.45 எடுத்தார். ரூபா விழுந்ததால் அந்த 97.65 ரூபாக் கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது என்பது உண்மை. சந்தை விலை அதைவிட வேகமாக ஏறிவிட்டதும் உண்மை. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் பென்ஷன் கிரெடிட் என்ற மேலதிக உதவியும், குடிபெயர்ந்துவிட்டால் இல்லை.

கனடாவின் முதியோர் ஓய்வூதியம் வேறு மாதிரி. பதினெட்டு வயதுக்குப் பிறகு 20 வருடம் கனடாவில் வாழ்ந்திருந்தால் உலகத்தில் எங்கிருந்தும் எடுக்கலாம். விலைவாசியோடு கூடவும் செய்யும். மைத்துனர் 36 வருடம் இருந்தவர். முழுத் தொகையில் 40 க்கு 36 பங்கு. ஆனால் வறியவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நிறுத்தப்படும். ஒன்ராறியோ மருத்துவ அட்டைக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே உடலோடு இருக்க வேண்டும். அதனால்தான் அவர் சித்திரையில் ஓடுகிறார். நான் வெயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருடைய வழி பாதுகாப்பானது, ஆனால் இரண்டு அடுப்பு எரிகிறது. ஸ்காபரோவில் நிலக்கீழ் அறைக்கு மாதம் 1,800 டொலர், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வருடம் 21,600. அந்த ஒரு வாடகையே எங்கள் முழு வருடக் கிளிநொச்சிச் செலவைவிட அதிகம். “மச்சான், நீங்கள் பாலத்தை உடைத்துவிட்டு வந்தவர், நான் பாலத்துக்கு வாடகை கட்டுகிறேன்” என்பார். முத்தையன்கட்டில் அவர் வீடு கட்டியிருப்பது மாமாவின் பேர்மிட் காணியில். மாமாவுக்குப் பிறகான உரிமை, அதாவது பின்னுரித்து, அக்காவின் பெயரில். ஆக வீடு அவருடையது, பேர்மிட் அக்காவுடையது, நிலம் அரசாங்கத்துடையது. அந்த வளவில் நின்ற தென்னம்பிள்ளைகளில் பாதி யானையுடையது.

வன்னிக்கு வர நினைப்பவர்கள் காணி விஷயத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகள் பெரும்பாலும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணிகள். உறுதிக் காணி போல் விற்கவோ வாங்கவோ முடியாது. உறுதிக் காணியாக இருந்தாலும், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை காணி வாங்க முடியாது. பரம்பரையாக வருவதற்கு விலக்கு உண்டு, இரட்டைப் பிரஜைக்கும் உண்டு. 55 வயதைத் தாண்டியவர்கள் என்ற பிரிவில் விண்ணப்பித்து நான் முதலில் எடுத்தது இரட்டைப் பிரஜாவுரிமை. மருமகன் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று நினைப்பவர்கள், அந்த மருமகனும் ஒருநாள் கனடா போவான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

திருச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் 85,000 இந்திய ரூபா, நம் காசில் சுமார் 290,000. நல்ல ஆஸ்பத்திரிகள், நல்ல கோப்பி, ஸ்ரீரங்கத்துக்கு நினைத்த நேரம் பஸ். ‘இதர’ ஏறக்குறைய பூச்சியம். ஆனால் இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்று ஒன்று இல்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டில் சுற்றுலா விசாவில் ஒரே தடவையில் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. அறுபது வயதில் ஆறு மாதத்துக்கொரு தடவை பெட்டி கட்டுவது ஓய்வு ஆகாது. பினாங்கு பற்றியும் விசாரித்தேன். மலேசியாவின் நீண்டகால விசாவில் சில்வர் என்ற படிக்கே 150,000 அமெரிக்க டொலர் வைப்பும், அதற்கு மேல் ஒரு வீடும் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இனித் தொகை. கிளிநொச்சியில் வருடம் 30 இலட்சம் ரூபா, 7,500 பவுண்ட். லண்டன் போய்வர, பிள்ளைகளுக்கு இரண்டு பெட்டி மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கொண்டுபோக 3,000. ஆக 10,500. 25 மடங்கு விதிப்படி 262,500 பவுண்ட் வேண்டும். என் கணக்கு அப்படி அல்ல. ஓய்வூதியம் தொடங்க எனக்கு இன்னும் ஏழு வருடம், அதுவரை 73,500. உறைந்து போகும் ஓய்வூதியத்துக்கு ஈடாக 30,000. தொடவே கூடாத, திரும்பிப்போவதற்கான பவுண்ட் 40,000. மொத்தம் 143,500, வீடு கட்டிய செலவு தனி. வசதியாக என்றால் ஒன்றரை இலட்சம் பவுண்ட் என்று சொல்வேன். அந்த 40,000 ஐ வீட்டுக்கு மேல்மாடி கட்டப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். மாடி அழகாகத்தான் இருக்கிறது.

மனைவி இந்தக் கொப்பியைப் படித்துவிட்டு வேறு ஒரு தீர்ப்புச் சொன்னாள். ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை வவுனியாவில், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகைக்கு இருப்பது. அறுவடை தொடங்கும்போது கிளிநொச்சிக்குத் திரும்புவது. பழைய வீட்டுக்காரரிடம் பேசி மூன்று மாத முற்பணம் கொடுத்துவிட்டேன். மழைக்காலத்தில் நாய்க்குச் சோறு வைக்க, அன்று கதிரை தூக்கிய பெடியனுக்கு மாதம் 5,000. அதை வவுனியா நிரலில் எழுதுவதா, கிளிநொச்சி ‘இதர’வில் எழுதுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.