வீட்டு அசைன்மென்டா, நேரலைக் கோடிங்கா?

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்து முடித்த தம்பி தங்கச்சிமார் கொழும்பு மென்பொருள் கம்பனிகளுக்கு விண்ணப்பிக்கும்போது, ஆளைத் தெரிவு செய்ய ஒரு கோடிங் (நிரல் எழுதும்) சோதனை வைப்பார்கள். அதை எப்படிச் செய்வது என்ற தெரிவைச் சில இடங்களில் நம்மிடமே விடுகிறார்கள். வீட்டில் செய்து அனுப்புவதா, திரையைப் பகிர்ந்து ஒருவர் பார்த்திருக்க எழுதுவதா?

நேரம்
அசைன்மென்ட்: "நாலு மணித்தியாலம் போதும்" என்பார்கள். லொகின், டேட்டாபேஸ், டெஸ்ட், ரீட்மீ (விளக்கக் குறிப்பு) என்று சேர்த்தால் சனி ஞாயிறு இரண்டும் போய்விடும்.
நேரலை: பெரும்பாலும் ஒரு மணித்தியாலம்.

கரண்ட்
அசைன்மென்ட்: போனாலும் வந்தபின் தொடரலாம்.
நேரலை: நடுவில் ரூட்டர் அணைந்தால் பதற்றம்தான். போன் ஹொட்ஸ்பொட்டைத் தயாராக வையுங்கள்.

பதில்
இதில்தான் எனக்கு ஆத்திரம். இரவிரவாக இருந்து செய்து கிட்ஹப் (கோடை இணையத்தில் வைக்கும் தளம்) லிங்கை அனுப்பினால், "கிடைத்தது" என்று ஒரு வரிகூட எழுதாத கம்பனிகள் உண்டு. பிள்ளைகள் வாரக்கணக்கில் மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள். போதாக்குறைக்கு, ஏஐ செய்ததோ என்ற சந்தேகம் வேறு. நேரலையில் எதிரே ஒரு ஆள் இருக்கிறார். எங்கே பிழை விட்டோம் என்று அப்போதே கேட்கலாம்.

வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் நேரலைதான் சரி. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே எழுதத் தடுமாறுபவர்கள் அசைன்மென்டை எடுங்கள். ஆனால் தொடங்கமுன், யார் பார்ப்பார்கள், எப்போது பதில் வரும் என்று மெயிலில் கேளுங்கள். அதற்கே பதில் இல்லையென்றால் அந்த அசைன்மென்டைத் தொடவே வேண்டாம்.