பீட்டர்ஸா, டில்லார்டா, மைலாட்டாவா?

2020 மார்ச்சில் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், ஒப்பந்தம் முடிந்த லெஃப்ட் டேக்கிள் ஜேசன் பீட்டர்ஸைத் தக்கவைக்காமல் போகவிட்டது. வயது 38. 2009-இல் பஃபலோவிலிருந்து வந்தவர், சீசனின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்கு 9 முறை தேர்வானவர். அமெரிக்கக் கால்பந்தில் லெஃப்ட் டேக்கிள் என்பது சாதாரண இடமில்லை. வலது கைக்கார குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) எறியத் தயாராகும்போது அவருடைய முதுகுப்புறத்தைக் காப்பவர் லெஃப்ட் டேக்கிள்தான். அங்கே ஒரு நொடி அசந்தாலும் அடி விழுவது குவாட்டர்பேக்குக்குத்தான்.

அந்த இடத்துக்கு அப்போது மூன்று வழிகள் இருந்தன. பீட்டர்ஸையே வைத்திருப்பது, டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுத்த ஆந்த்ரே டில்லார்டிடம் கொடுப்பது, இல்லையென்றால் ஜோர்டன் மைலாட்டாவை நம்புவது.

பீட்டர்ஸின் பக்கம் அனுபவமும் கைத்திறனும் இருந்தன. உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. 2012-இல் குதிகால் தசைநார் அறுந்து ஒரு சீசன் முழுவதும் போனது. 2017-இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனில் அவருடைய இடத்தில் ஆடிய மாற்று வீரர் வைட்டாயை வைத்துத்தான் ஈகிள்ஸ் சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் நியூ இங்கிலாந்தை 41-33 என்று வென்றது. பீட்டர்ஸ் இல்லாமலும் ஜெயிக்க முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதனால் அவரைப் போகவிட்டதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில் 38 வயது டேக்கிளை நம்பி அடுத்த சில வருடங்களைத் திட்டமிட முடியாது.

அடுத்து டில்லார்ட். 2019 டிராஃப்டில் 25-ஆவது இடத்திலிருந்து 22-க்கு ஏறிவந்து எடுத்தார்கள். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பந்தெறியும் ஆட்டத்திலேயே ஊறியவர், கால் வேகம் அருமை. ஆனால் பலம் போதவில்லை. முதல் வருடமே சியாட்டிலுக்கு எதிராக வலது பக்கம் ஆடவிட்டு, இடைவேளையில் வெளியே உட்காரவைத்தார்கள். 2020 ஆகஸ்டில் பயிற்சி முகாமில் புஜத் தசை கிழிந்து அந்த சீசனே முடிந்தது.

மைலாட்டாவின் கதையே வேறு. சிட்னியில் ரக்பி லீக் ஆடியவர். 2018-இல் ஏழாம் சுற்றில், 233-ஆவதாக எடுக்கப்பட்டபோது அவர் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு போட்டிகூட ஆடியதில்லை. முதல் இரண்டு வருடமும் முதுகுக் காயத்தோடு ஓரமாக இருந்தார். அந்த உயரமும் எடையும் உள்ள ஆள் அவ்வளவு லாகவமாக நகர்வது அபூர்வம். முன்வரிசைத் தடுப்பாளர்களின் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் பொறுமையாகச் செதுக்கினார்.

சரி, டில்லார்ட் விழுந்ததும் அணி என்ன செய்தது? கார்டு (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) பிராண்டன் புரூக்ஸ் காயமடைந்ததால் அந்த இடத்தில் ஆட ஏற்கெனவே ஜூலையில் பீட்டர்ஸைத் திரும்ப அழைத்திருந்தார்கள். அது நியாயமான ஏற்பாடு. பிறகு பணத்தைக் கூட்டிக்கொடுத்து அவரையே லெஃப்ட் டேக்கிளுக்கு மாற்றினார்கள். தவறு அங்கேதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதல் போட்டியில் வாஷிங்டன் அணி ஈகிள்ஸின் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை 8 முறை சாய்த்தது. பழி முழுவதும் பீட்டர்ஸுடையது அல்ல. வலது பக்க டேக்கிள் லேன் ஜான்சனும் அன்று இல்லை. ஆனாலும் பழைய வேகம் பீட்டர்ஸிடம் இல்லை என்பது கண்கூடு. அப்புறம் கால்விரல் காயம்.

அக்டோபர் 4 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக மைலாட்டா முதல்முறை தொடக்க வீரராக இறங்கினார். ஈகிள்ஸ் 25-20 என்று வென்றது. இத்தனைக்கும் பிறகு, பீட்டர்ஸ் தேறி வந்ததும் மறுபடி அவருக்கே இடம்! 4 வெற்றி, 11 தோல்வி, 1 டிரா என்று முடிந்த சீசனில் வளரும் வீரரை உட்காரவைத்ததற்கு என்ன காரணம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை. நவம்பர் கடைசியில்தான் பீட்டர்ஸை கார்டுக்கு நகர்த்தினார்கள்.

2021-இல் டில்லார்டை முந்தி மைலாட்டா இடத்தைப் பிடித்தார். செப்டம்பரில் 4 வருடத்துக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்ற சூப்பர் பவுலிலும் இடது பக்கம் அவர்தான். டில்லார்ட் 2023-இல் டென்னசிக்குப் போய்விட்டார்.

என் தேர்வு மைலாட்டா. ஆனால் முதியவரை அனுப்பினாலே இளையவர் தேறிவிடுவார் என்று இதை யாரும் படிக்க வேண்டாம். பயிற்சியில் இந்த இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பீட்டர்ஸும் ஒருவர். அவரை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு ஆட்டம் தீர்ந்துவிடவும் இல்லை: 2021-இல் 39 வயதில் சிகாகோவுக்காக 15 போட்டிகளில் லெஃப்ட் டேக்கிளாகத் தொடங்கினார்.