ஹூஸ்டனை அடுத்த கேட்டி பக்கம் இருப்பவர்களுக்கு: எங்கள் சென்ட்ரல் ஏசி சர்வீஸ் அனுபவம்

ஜூலை, சனிக்கிழமை மதியம், ஹூஸ்டன் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏசியைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திரை திடீரென்று அணைந்துவிட்டது. பேட்டரி மாற்றினேன், பிரேக்கரை அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிட்டார்.

முதலில் வந்தவர் ஒரு பெரிய கம்பெனி ஆள், பெயர் வேண்டாம். ஏசி யூனிட் இருக்கும் அட்டிக்கில் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) ஏறி ஐந்து நிமிடத்தில் இறங்கி, கன்ட்ரோல் போர்டு போயிருக்கும், சிஸ்டத்துக்கும் 12 வயசாச்சு, மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்று 11,000 டாலருக்கு எஸ்டிமேட் கொடுத்தார். மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

மறுநாள் நண்பர் சொல்லி, அண்ணன் தம்பி இருவர் நடத்தும் சின்ன கம்பெனியைக் கூப்பிட்டேன். அண்ணன் என்னையும் அட்டிக்குக்கு ஏறச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். யூனிட்டுக்குக் கீழே இருக்கும் தகரத் தட்டு நிறைய தண்ணீர், அதில் மிதவை ஸ்விட்ச் மேலே எழும்பி நிற்கிறது. ஏசியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் குழாய் அடைத்தால் தண்ணீர் கூரை வழியாக வீட்டுக்குள் இறங்காமல் இருக்க இந்த ஸ்விட்ச் கரண்டை நிறுத்திவிடும், தெர்மோஸ்டாட் அணைந்ததும் அதனால்தான். வெளியே சுவரோரம் வரும் குழாயின் முனையில் தண்ணீர் இழுக்கும் வேக்யூமை வைத்து, சுற்றிலும் துணியை இறுக்கிப் பிடித்து இழுத்தார். கருப்பும் பச்சையுமாக, வழவழவென்று, முழங்கை நீளத்துக்கு ஒரு பாசிக் கயிறு வந்து விழுந்தது. தட்டுத் தண்ணீரையும் இழுத்த பிறகு திரை தானாக எரிந்தது.

அதோடு கிளம்பவில்லை. வெளி யூனிட்டின் கெபாசிட்டரை (மோட்டார் ஓட உதவும் சின்ன பாகம்) அளந்தார். 45 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியது 37 காட்டியது, மாற்றினார். கரண்டை நிறுத்தி, மேல் விசிறியைத் தூக்கி வைத்து, காயிலை (சூட்டை வெளியேற்றும் குழாயும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி) உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தோட்டத்துக் குழாயாலேயே கழுவினார் (பிரஷர் வாஷர் வைத்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடுமாம்). எங்கள் டிரையர் காற்று பக்கத்திலேயே வெளியேறுவதால் துணிப் பஞ்சு கம்பளி மாதிரி அப்பியிருந்தது. கடைசியில் ஏசிக்குள் போகும் காற்று 84 டிகிரி ஃபாரன்ஹீட், வெளியே வருவது 65. பதினைந்திலிருந்து இருபது வரை வித்தியாசம் இருந்தால் போதும், கேஸ் நிரப்பத் தேவையில்லை, கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகாது, குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம் என்றார்.

தூசிக்கு நல்லது என்று நான் போட்டிருந்த ஓர் அங்குல மெர்வ் 13 பில்டரையும் (மெர்வ் எண் கூடக்கூட நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) எடுக்கச் சொன்னார். என் சிஸ்டத்துக்கு அது காற்றை அடைக்கிறது, காற்று குறைந்தால் உள் காயிலில் ஐஸ் கட்டும். மெர்வ் 8 போட்டு மாதாமாதம் மாற்றினால் போதுமாம். டக்ட் (குளிர்காற்று அறைகளுக்குப் போகும் குழாய்) கிளீனிங் வேண்டுமா என்று கேட்டேன். பூஞ்சையோ எலியோ இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் டக்டை வழக்கமாகச் சுத்தம் செய்யச் சொல்வதில்லை. வர வேண்டிய வேலையை வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் நம்புகிறேன்.

மொத்தம் 285 டாலர். குறை என்றால், சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள், ஒரு மெசேஜ்கூட இல்லை. வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போது அது பெரிய விஷயம், நேரிலேயே சொல்லிவிட்டேன். அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து நான்கு. நம்பர் வேண்டுபவர்கள் தனியாகக் கேளுங்கள், அப்புறம் மார்ச்சிலேயே கூப்பிட்டுவிடுங்கள், ஜூலையில் அவர்கள் கிடைப்பது கஷ்டம்.